காலி நிலம்

சுப்புராயன் மாமாவைத் திட்டினால் மணலூர்பேட்டையில் இன்றைக்கும் என் மேல்தான் கோபப்படுவார்கள். அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. கூலியைப் பாக்கி வைத்ததில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வேட்டியும் புடவையும் வந்துவிடும். என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவரே அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் எங்களை நிலத்தை விட்டுக் கிளப்பிய விதத்தைக் கேட்டால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, அடியாள் வைக்கவில்லை. சிரித்த முகத்தோடு கிளப்பினார்.

அவர் எங்களுக்கு ஒட்டோ உறவோ இல்லை. ஒரே சாதி என்பதால் மாமா. அவர் நிலக்காரர், நாங்கள் வாரத்துக்கு உழுகிறவர்கள். இந்த மாமன் முறை இருக்கிறதே, அது பொல்லாதது. முதலாளி என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கலாம். மாமா என்று கூப்பிட்ட வாயால் என்ன கேட்பது?

பெண்ணையாற்று ஓரம் மூன்று ஏக்கர் கொல்லை, கிணற்றை நம்பிய புஞ்சை. என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள்தான் உழுதோம். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. விதை, எரு, உழைப்பு எல்லாம் எங்களுடையது. அதனால் பாதி என்பது பேச்சுக்குத்தான். ஆனாலும் சோறு அங்கிருந்துதான் வந்தது. ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வியைத் திருநாவலூரில் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கொல்லையில் விளைந்த மணிலாக்கொட்டையில்தான்.

குத்தகைக்காரனைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. தன் உடம்பால் பாடுபட்டுப் பயிர் வைக்கிறவனை நிலத்திலிருந்து லேசில் எழுப்ப முடியாது. நிலம் கை மாறினாலும் அவன் இருப்பான். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அது வந்த நாளிலிருந்து நிலக்காரர்களுக்கு எங்களைக் கண்டாலே உதறல். சிலர் வருஷத்துக்கு ஒரு ஆளை மாற்றினார்கள். சிலர் இந்த வருஷம் கிழக்குக் கொல்லை, அடுத்த வருஷம் மேற்குக் கொல்லை என்று குடியானவனைப் பம்பரமாகச் சுற்ற விட்டார்கள். ஆள் இருக்கிற நிலத்துக்குப் பாதி விலை, காலி நிலத்துக்கு முழு விலை என்று தரகர்கள் டீக்கடையில் கூசாமல் பேசினார்கள். எங்களைக் காப்பாற்ற வந்த சட்டம், எங்களை நிலத்தில் ஒட்டிக்கொண்ட சீக்காக ஆக்கிவிட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பத்தேழாம் வருஷம், பங்குனி. கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆறு மணலாகக் கிடந்தது. மாமா எங்கள் வாசலுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"கொளஞ்சி, நம்ம தீனதயாளன் மெட்ராஸ்ல வூடு கட்றான். மூணு மாடி. நம்பிக்கையான ஆளு வேணும்ங்கிறான். நீயும் அம்சாவும் போய்ட்டு ஆடிக்கு வந்துடுங்களேன். இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

தீனதயாளன் அவருடைய மகன். இன்ஜினியருக்குப் படித்துவிட்டு மெட்ராஸில் வீடு கட்டி விற்கிறவன். என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் உடனே தலையை ஆட்டினார். அவர் யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டுவார், அப்புறம்தான் காதில் வாங்குவார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஊரில் களை எடுத்தால் எனக்கு நாள் கூலி நான்கு ரூபாய். மெட்ராஸில் சித்தாள் வேலைக்குப் பன்னிரண்டு. எந்தப் பைத்தியம் வேண்டாம் என்று சொல்லும்?

ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு கவலை இருந்தது. எங்கள் பக்கம் சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊர் ஏர் எல்லாம் ஒன்றாகப் பூட்டுவோம். கலப்பைக்கு மஞ்சள் தடவி, மாட்டுக்குப் பொட்டு வைத்து, கிழக்கே பார்த்து நாலு சால் ஓட்டுவோம். அதற்கு நல்லேர் என்று பெயர். அன்றைக்கு ஏர் படாத நிலம் அந்த வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். யார் நல்லேர் பூட்டுகிறானோ அவன்தான் அந்த வருஷத்துக்கு அந்த நிலத்தின் குடியானவன் என்பதும் ஊர்க் கட்டுப்பாடு.

மெட்ராஸுக்குக் கிளம்பும் அன்று, டீக்கடையில் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது, இந்த மனிதர் மாமாவிடம் கையைக் கட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"மாமா, நல்லேர் அன்னிக்கு நம்ம கொல்லி வெறுங்கொல்லியா கெடக்கக் கூடாது. யாரையாச்சும் வுட்டு நாலு சால் ஓட்டிடுங்க."

"அத நான் பாத்துக்கறேன், கொளஞ்சி. நீ நிம்மதியா போ."

மாமா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எங்களை எப்படிக் கிளப்புவது என்று மாதக்கணக்கில் யோசித்திருப்பார். யோசனையே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் நாலு சாட்சி வைத்து வழியைக் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். நிலம் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்தது ஒன்றுதான் அவர் செய்த பாவம்.

வேளச்சேரியில் ஏரி ஓரமாக வேலை. நாலு தகரத்தைச் சாய்த்து எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். விடிந்தால் மணல் சலிப்பது, செங்கல் சுமப்பது, பாண்டுச் சட்டியில் கலவை ஏந்துவது. சம்பளம் சனிக்கிழமை தவறாமல் வந்தது. அரிசியும் விறகும் அங்கே தங்க விலை என்பதால் வந்த வேகத்தில் போனது. பக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை என்ன விலை என்று ஒருநாள் மேஸ்திரி சொன்னார். எங்கள் ஊரில் அந்தப் பணத்துக்குக் கிணற்றோடு ஒரு தோப்பே வாங்கலாம். ஊரில் விளைகிற எல்லாவற்றுக்கும் விலை இறங்கிக்கொண்டே வர, இங்கே ஒரு புல் கூட முளைக்காத சதுப்புக்கு விலை ஏறிக்கொண்டே போவது எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆடி வந்தது. "மழையே இல்ல, எதுக்கு ஓடறீங்க? மேல் மாடி முடிச்சிட்டுப் போங்க" என்றான் தீனதயாளன். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆவணியும் போனது.

புரட்டாசி பிறக்கும் சமயம் மூன்றாவது மாடிக்குத் தளம் போட நாள் பார்த்தார்கள். தளம் போடுவது என்றால் கல்யாண வேலை மாதிரி. காலையில் தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒட்டாமல் போய் மழைக்கு ஒழுகும் என்பார்கள். கீழேயிருந்து மேலே வரை படிக்கட்டில் ஆளுக்கு ஆள் நின்று பாண்டைக் கை மாற்றினோம். நான் இரண்டாவது மாடி வளைவில் நின்றேன். மாமாவும் அவர் சம்சாரம் ஜெயம்மாளும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஜெயம்மாள் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசினார்.

"ஊர்ல ஆத்தோரத்துக் கொல்லிய வித்துதாங்க இத முடிக்கிறோம். கள்ளக்குறிச்சி மில்லுக்காரர் அட்வான்ஸ் குட்த்துட்டாரு. இந்த மாசமே கிரயம். ஆளு இல்லாத நெலமா இருந்ததால நல்ல வெல."

கையில் ஜல்லிக் கலவையோடு பாண்டு இருந்தது. மேலே இருந்தவள் வாங்குவதற்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. ஆறு மாதமாக என் தலையில் நான் சுமந்து ஏற்றியது எல்லாம் என் கொல்லைதான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. பாண்டைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கீழே இருந்து மேலே வரை எல்லாம் நின்றுபோனது. "யாருடி அது? தளம் வீணாப் போவுது!" என்று மேஸ்திரி கத்தினார். மாமாவே படியேறி வந்தார்.

"இன்னா அம்சா, ஒடம்பு சரியில்லியா?"

"எங்க கொல்லிய வித்துட்டீங்களா மாமா?"

அவர் முகத்தில் ஒரு சுளிப்புக் கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

"ஒங்க கொல்லியா? அது காலி நெலம்மா. இந்த வருசம் நல்லேர் பூட்டினது வேடியப்பன், கல்ராயன் மலையிலேந்து வந்தானே அவன். ஒம் புருசன்தானே ஆள வுட்டு ஓட்டச் சொன்னான்? நாலு பேரு கேட்டாங்களே. நீங்கதான் இங்க சம்பாரிக்கிறீங்க, அங்க உனுக்கு இன்னாத்துக்கு நெலம்? ஒன்னும் கொறை வெக்க மாட்டேன். இந்த வூட்லயே கொளஞ்சிக்கு வாட்ச்மேன் வேல. மாடிப்படிக்குக் கீழ ரூம்பு. மாசச் சம்பளம்."

என் வீட்டுக்காரர் நாலு படி கீழே நின்றிருந்தார். தலையை ஆட்டிவிடுவாரோ என்று பார்த்தேன். ஆட்டத்தான் போனார்.

"யோவ், ஆட்டின, இந்தப் பாண்டத் தூக்கி ஒன் தலைல போட்டுடுவேன்" என்றேன். அவர் தலை பாதியிலேயே நின்றது.

அந்த வாரச் சம்பளத்துக்குக் கூட நிற்காமல் மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினோம். கிரயம் நடப்பதற்குள் கொல்லையில் கால் வைக்க வேண்டும். எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. விழுப்புரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் போகாது, நடந்து போங்கள் என்றார் டிரைவர். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கம் அறிவித்திருந்த ஒரு வாரச் சாலை மறியலுக்கு அன்றுதான் முதல் நாள். எங்களுக்கு அது தெரியாது. மெட்ராஸில் தகரத்துக்குக் கீழே படுத்திருந்தவர்களுக்கு எந்தச் செய்தி வரும்?

திருக்கோவிலூர் ரோட்டில் நடந்தோம். நூறு வருஷத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சில இடத்தில் ரோட்டையே வெட்டியிருந்தார்கள். வழியில் ஒரு ஆதிதிராவிடர் காலனி எரிந்து கரியாகக் கிடந்தது. சட்டி பானை கூட மிஞ்சவில்லை. அவர்களுக்கும் இந்த ஒதுக்கீட்டுக்கும் என்ன சண்டை? போலீஸ் துப்பாக்கியில் எங்கள் ஆட்கள் செத்துவிட்டதாக வேறு ஊருக்கு ஊர் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வாரம் எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்பதை நான் மறக்கவில்லை. செத்தவன் எவனும் மூன்று மாடி கட்டியவன் இல்லை.

கண்டாச்சிபுரத்துக்கு முன்னால் ஒரு மரத்தடியில் அண்டா வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். கையில் கோடாலியோடு ஒருவர் வழிமறித்தார். என் வயதுதான் இருக்கும். எந்த ஊர், நம்ம ஆளா என்று விசாரித்துவிட்டு இலை போட்டார்.

"சாப்ட்டுட்டுப் போ தங்கச்சி. ஒன்னிமாதிரி சனத்துக்காகத்தான் நாங்க ரோட்ல குந்திக்கினு இருக்கோம். நம்ம புள்ளிங்க டாக்டராவணும், கலெக்டராவணும். எத்தினி நாளிக்கு மாட்டு வால புடிச்சிக்கினு இருக்கறது?"

"மாட்டு வாலாவது எங்கையில இருந்துச்சுண்ணே. அதயும் புடுங்கிட்டாங்க. புடுங்கினவரும் நம்ம சாதிதான். ஒங்க சங்கத்துக்கு எங்க ஊர்ல அவருதான் கொடி ஏத்தறாரு. நீங்க கேக்கற டாக்டர் சீட்டு வந்தா அவரு பேரனுக்குத்தான் மொதல்ல போவும். எனுக்கு அவரு வூட்டு மாடிப்படிக்குக் கீழ ரூம்பு."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். ஆனால் அந்த மனிதர், "நானும் வாரத்துக்குத்தான் உழுவறேன்" என்றார். பிறகு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் அவர் மரத்தை வெட்டிப் போட்டுக் காத்திருந்த நியாயம் எங்கள் இருவர் வீட்டுக்கும் வந்து சேராது என்று அவருக்கும் தெரியும் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரத்தடியில் ஒரு குடிசை. வாசலில் வேடியப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையையும் அவன் மேல் கொட்டினேன்.

"ஐயா ஓட்டச் சொன்னாரு, நாலு சாலு ஓட்டினேன். காவலுக்கு இருன்னாரு, இருக்கறேன். கிரயம் ஆனா என்னியும் போவச் சொல்லிடுவாரு" என்றான் கடைசியில். "மேல எங்க காட்டுலயும் இப்பிடித்தாம்மா. நாங்க கேழ்வரகு வெதச்ச எடத்துல வேலி வந்துடுச்சு. கேக்க ஆளு இல்ல."

இவனிடம் என்ன சண்டை போடுவது? மலையில் நிலத்தை இழந்தவனைக் கூட்டிவந்துதான் சமவெளியில் எங்களைக் கிளப்ப வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கொடுத்தது என் கூலியிலும் பாதி. அன்று சாயங்காலமே அவன் குடிசையில் இருந்த இரண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

ஊர்ப் பெரியவர்களிடம் போனோம். அவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். நல்லேரை இன்னொருவனுக்கு விட்டுக் கொடுத்த பிறகு என்ன பேச்சு என்றார்கள். "நீ சொன்னியா இல்லியா கொளஞ்சி?" என்று கேட்டார்கள். "சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்ல வராது அவருக்கு. அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆனால் ஒன்று. ரோடு அடைத்துக் கிடந்தது. மாமா மெட்ராஸில் மாட்டிக்கொண்டார். நிலத்தை வாங்குகிற மில்லுக்காரர் கண்ணாயிரம் கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டார். ரிஜிஸ்டர் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் முழுக்க நிலம் யாருக்கும் கை மாற முடியாது. மரம் வெட்டிப் போட்ட அண்ணனை நினைத்துக்கொண்டேன். அவர் எனக்குச் செய்த உபகாரம் அது, அவருக்கே தெரியாமல். ரோடு திறப்பதற்குள் அந்தக் கொல்லையில் எங்கள் கையால் வைத்த ஒரு பயிர் நிற்க வேண்டும். பயிர் நின்றால் அது காலி நிலம் இல்லை.

தண்ணீர் இல்லாத கொல்லையில் புரட்டாசியில் என்ன வரும்? கொள்ளு வரும். பனி ஈரத்திலேயே பிழைத்துக்கொள்ளும். பணக்காரன் குதிரைக்குப் போடுகிறது, நாங்கள் ரசம் வைக்கிறது. விதைக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போது தெரசாதான் ஒரு கூடைக் கொள்ளோடு வந்தாள்.

தெரசாவும் அவள் வீட்டுக்காரர் சின்னப்பனும் மாதா கோயில் தெருக்காரர்கள். மாமாவின் ஏரிக்கரைக் கொல்லையை வாரத்துக்கு உழுகிறவர்கள். சின்னப்பன் தன் மாட்டையும் கலப்பையையும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஐயா வந்தா எங்களத் திட்டுவாரு. பரவால்ல. நாளிக்கு எங்களுக்கு ஒன்னுன்னா நீ வர மாட்டியா?" என்றாள் தெரசா.

நான்கு பேரும் சேர்ந்து உழுது விதைத்தோம். சின்னதாக ஒரு மழையும் பெய்தது. கொள்ளு முளைவிட்டது. அந்தச் சின்ன இரட்டை இலையைப் பார்த்து நான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. ஒரு ஜாண் உயரம் கூட இல்லாத இதை நம்பித்தான் என் வாழ்க்கை நிற்கிறதே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

ரோடு திறந்தது. கண்ணாயிரம் காரில் வந்தார். மாமாவும் கூடவே வந்து இறங்கினார். கண்ணாயிரம் வரப்பில் நின்று பச்சையைப் பார்த்தார். நானும் என் வீட்டுக்காரரும் களை கொத்தோடு நடுக்கொல்லையில் நின்றோம்.

"யாருங்க இவங்க?"

"நம்ம ஆளுங்கதான். கூலிக்கு வெதச்சிக்கினு இருக்காங்க" என்றார் மாமா.

"கூலி யாரு குட்த்தா? வாரத்துக்கு உழுவறவங்க நாங்க. எங்க மாமனார் காலத்துலேந்து" என்றேன்.

கண்ணாயிரம் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. பயிரு யாருது?"

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி வேட்டி, பந்தக்கால், முதுகைத் தட்டிக் கொடுத்தது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. என் வீட்டுக்காரர் மண்ணைப் பார்த்தபடி, "எங்களுதுங்க" என்றார்.

"காலி நெலம்னுதானேங்க வெல பேசினோம்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணாயிரம் காருக்குத் திரும்பினார். அவருக்கு எங்கள் மேல் கோபமோ இரக்கமோ எதுவும் கிடையாது. பூச்சி விழுந்த கத்தரிக்காயைத் திருப்பி வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்.

மாமா கத்துவார் என்று நினைத்தேன். "நீங்களே இருங்கம்மா, எனுக்கின்னா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாங்கிய அட்வான்ஸ் மூன்றாவது மாடியில் கொட்டியாகிவிட்டது என்பதையும், மில்லுக்காரருக்கு ஏதாவது ஒரு காலி நிலம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை வேடியப்பன் மாமா வீட்டு மாட்டையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு எங்கள் கொல்லை வழியாகப் போனான்.

"எங்க போற?"

"ஏரிக்கரைக் கொல்லிய உழச் சொன்னாரும்மா ஐயா. அந்தக் கிறிஸ்தவங்க மெட்ராஸ் போறாங்களாமே, இப்ப பஸ்ஸுக்கு."

களை கொத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் கிளம்ப நின்றிருந்தது. சின்னப்பன் மேலே ஏறி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். தெரசா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே மாமா நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

"எறங்குடி தெரசா! ஒங் கொல்லியில ஏரு பூட்டறாங்க!"

"தெரியும்க்கா. காஞ்சு கெடக்கு, நாங்க வர வரிக்கும் ஓட்டிப் போடறேன்னாரு ஐயா."

"எனக்கும் அதத்தான்டி சொன்னாரு! எறங்கு!"

அவள் இறங்கவில்லை. என்னைப் பார்த்து அவளுக்குத்தான் கோபம் வந்தது.

"எறங்கி இன்னாக்கா பண்ண? வெத கொள்ள ஒன்கிட்ட குட்த்துட்டேன். புள்ளிங்க ஆஸ்டல்ல கீது, பீஸ் கட்டல. இங்க நாலு ரூபா, அதுவும் தெனம் இல்ல. அங்க பன்னெண்டு. ஒனக்கு ஒரு கொள்ளு மொளச்சிட்டா ஊருக்கே சோறு வந்துடுமா?"

பசிக்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன்? அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அந்த நிஜத்தைத்தான் மாமா வருஷக்கணக்காக உழுது அறுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஊரில் பிழைக்க முடியாது என்பதுதான் அவருடைய மகசூல்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் படியில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சரிடி, சம்பாரிக்கணும். அவரு போவட்டும், நீ இரு. ஒரு ஒடம்பாவது நெலத்துல இருக்கணும். ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னா அது காலி நெலம். வந்து நிக்க எடம் இருக்காது."

தெரசா சின்னப்பனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருநாள் பிரிந்து இருந்ததில்லை. சின்னப்பன் மாமாவைப் பார்த்தார். அப்புறம் கட்டிய மூட்டையை அவிழ்த்து அவளுடைய துணியை மட்டும் எடுத்துக் கீழே போட்டார்.

"இன்னா அம்சா, புருசன் பொண்டாட்டியப் பிரிக்கறியே, பாவமில்லியா?" என்றார் மாமா.

"ஒரு சீட்டு காலியா கீது மாமா. காலின்னா ஒங்களுக்குப் பிடிக்குமே, ஏறிக்கங்க" என்றேன்.

பஸ் போய்விட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அடுத்த மாதம் என் வீட்டுக்காரரும் போனார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆம்பிளை பட்டணத்தில், பொம்பளை கொல்லையில். ஒரு குடும்பத்தை இரண்டாகக் கிழித்தால்தான் மூன்று ஏக்கர் வாரம் நிலைக்கும் என்றால் அந்தச் சட்டத்தையும் அந்தச் சம்பளத்தையும் நான் எந்த வாயால் வாழ்த்துவது?

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய தெரசா துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக ஏரிக்கரைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வேடியப்பன் இரண்டாவது சால் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் துணியை வரப்பில் போட்டாள், கொல்லையில் இறங்கினாள், மாட்டை நிறுத்தினாள், அவன் கையிலிருந்து மேழியை வாங்கினாள். எங்கள் பக்கம் பெண்கள் ஏரைத் தொட மாட்டார்கள். தொட்டால் மழை வராது என்பார்கள். வேடியப்பன் பதறிப்போனான்.

"ஐயோ, பொம்பளைங்க ஏரு புடிக்கக் கூடாதும்மா!"

"புடிக்கறவரத்தான் பஸ்ஸுல ஏத்திட்டு வரேன்" என்றாள் தெரசா. மாட்டை அதட்டினாள்.